அம்மா சொன்னதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை

கோலிவாடா மகன் | ஜூன் 8, இரவு 11.20

இரண்டு நாளாக இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுதிவிடுகிறேன். மும்பையில் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இந்தக் குழுவில் நிறைய இருக்கிறீர்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று தெரிய வேண்டும்.

அம்மாவுக்கு 63 வயது. சங்கரன்கோவில் பக்கம். அப்பா போன பிறகு என்னோடு சயான் கோலிவாடாவில் இருக்கிறாள். மாட்டுங்காவில் ஒரு பூக்கடைக்கு தினமும் சரம் கட்டிக் கொடுப்பாள். பணத்துக்காக இல்லை, அவளுக்குக் கை சும்மா இருக்கக் கூடாது. போன தீபாவளிக்கு முன்னால் வயிறு உப்ப ஆரம்பித்தது. வாயு என்று மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டாள். அப்புறம்தான் ஸ்கேன், பயாப்ஸி எல்லாம். சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. மூன்று கீமோ, ஒரு ஆபரேஷன், மறுபடி மூன்று கீமோ என்று திட்டம் போட்டார்கள். 21 நாளைக்கு ஒரு தடவை பேக்லிடாக்சல், கார்போபிளாட்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகள்.

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வரும். இந்தியில் காய்கறி விலை கேட்பாள், அதோடு சரி. டாக்டருக்கு இந்தி, மராத்தி, ஆங்கிலம். நடுவில் நான்.

முதல் நாள் டாக்டர் என் முகத்தைப் பார்த்தே பேசினார். நான் அம்மாவிடம் திரும்பி, "வயித்துல கட்டிம்மா, தண்ணி கோத்திருக்கு, மருந்து ஏத்துனா வத்திரும்" என்றேன். நான்கு நிமிடம் அவர் சொன்னது என் வாயில் ஒரே வரியானது. நோயின் பெயரைச் சொல்லவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், தலையாட்டினாள். அம்மாவுக்குப் புரிந்ததா என்று டாக்டரும் கேட்கவில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

இரண்டாவது கீமோ முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் அம்மா சொன்னாள்: "எய்யா, பாதம் ரெண்டும் மதமதன்னு இருக்கு. செருப்பு கழண்டாக்கூட தெரிய மாட்டேங்கு." பலவீனம்மா, சரியாகிவிடும் என்றேன். மூன்றாவது கீமோவுக்குப் போனபோது, ஏதாவது தொந்தரவு உண்டா என்று டாக்டர் இந்தியில் கேட்டார். அம்மா பாதத்தைக் காட்டி, விரல் நுனியைக் காட்டி, ராத்திரி காந்துகிறது என்றெல்லாம் தமிழில் சொன்னாள். நான் "தோடி கம்ஜோரி ஹை", கொஞ்சம் பலவீனம், என்று முடித்துவிட்டேன். வேண்டுமென்றேதான் செய்தேன். அதிகம் புகார் சொன்னால் கீமோவைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள், தள்ளிப்போட்டால் கட்டி வளர்ந்துவிடும் என்று காத்திருக்கும் இடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு அந்தப் பயம்தான் இருந்தது. நான்காவது தடவையும் அதே வரியைச் சொன்னேன். அதற்குள் அம்மா பூக் கட்டுவதை நிறுத்தியிருந்தாள். ஆபரேஷன் அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது கீமோவுக்கு முந்தாநாள் போனோம். வழக்கமான டாக்டர் லீவு. வேறொரு இளம்பெண் டாக்டர் இருந்தார். மராத்திக்காரர், தமிழில் பத்துப் பதினைந்து வார்த்தை தெரியும். என் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போடச் சொன்னார். தன் நாற்காலியை அம்மாவுக்கு நேராகத் திருப்பினார். "அம்மா, கை எப்டி?" என்றார். அம்மா இரண்டு கையையும் நீட்டினாள். அவர் தன் வெள்ளைக் கோட்டின் கடைசிப் பொத்தானைக் கழற்றி, அந்த ஓரத்தை அம்மா முன்னால் பிடித்து, போடுங்கள் என்று சைகை காட்டினார்.

அம்மா பொத்தானைப் பிடித்தாள். துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், நழுவிவிட்டது. மறுபடி பிடித்தாள். கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்துகிறாள், ஆனால் பொத்தான் விரலுக்குள் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை, குனிந்து கண்ணால் பார்த்துத் தேடுகிறாள். கண் மூடிக்கொண்டு மல்லிகையும் மரிக்கொழுந்தும் மாற்றி மாற்றித் தொடுத்த கை அது. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். டாக்டர் அந்த விரல்களைப் பிடித்து "போதும்மா" என்றார். எத்தனை நாளாக என்று என்னிடம் இந்தியில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மாவே மூன்று விரலைக் காட்டி, "மூணு மாசம்" என்றாள்.

மருந்தை மாற்றினார்கள். பேக்லிடாக்சல் நரம்பைப் பாதிக்கும், ஏற ஏற அது கூடிக்கொண்டே போகும், ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் அளவைக் குறைத்திருப்போம், அல்லது அப்போதே டோசிடாக்சலுக்கு மாறியிருப்போம் என்றார். உணர்வு திரும்ப மாதக்கணக்கில் ஆகும், முழுதும் திரும்பாமலும் போகலாம் என்றார்.

டாக்ஸியில் கிங் சர்க்கிள் தாண்டும்போது அம்மா கேட்டாள்: "நான் சொன்னத நீ அவர்கிட்ட சொல்லவே இல்லையாய்யா?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இன்னமும் சொல்லவில்லை.

செம்பூர்க்காரி | ஜூன் 9, காலை 6.05

தம்பி, முதலில் காபி குடித்துவிட்டு இதைப் படியுங்கள். நீங்கள் அம்மாவைக் கெடுக்க நினைத்துச் செய்யவில்லை. அதே நேரம், நடந்தது சின்ன விஷயமும் இல்லை.

நான் 2016இல் மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்துகொண்டவள். வங்கியில் 24 வருடம் வேலை பார்த்தேன். எனக்கு இந்தியும் தெரியும், ஆங்கிலமும் தெரியும். இருந்தும் என் முதல் டாக்டர் என் கணவரிடம்தான் பேசினார். "இவங்களுக்கு எடுத்துடலாம்" என்று என்னை வைத்துக்கொண்டே அவரிடம் சொன்னார். எடுக்கப் போவது என் மார்பு. அன்று ராத்திரி எனக்கு வந்த பயம் நோயைப் பற்றியது இல்லை. இனி எல்லாம் என் தலைக்கு மேலே நடக்கும், எனக்குக் கடைசியில்தான் தெரியும் என்ற பயம். மொழி ஒரு காரணம்தான். மொழி தெரிந்தாலும் நோயாளியை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் பழக்கம் இங்கே ஊறிப்போய்க் கிடக்கிறது.

கதிர்வீச்சுக்கு வேறு ஒருவரிடம் போனேன். அவர் ஒவ்வொரு வாரமும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுவார். மொத்தமே ஐந்து நிமிடம்தான் இருக்கும். ஆனால் அந்த ஐந்து நிமிடமும் கையில் போன் இருக்காது, பாதி நின்றுகொண்டும் இருக்க மாட்டார். தோல் கறுத்து உரியும் என்று முன்கூட்டியே சொன்னார். உரிந்தபோது நான் பயப்படவில்லை. முதல் டாக்டரிடம் போன காலத்தில் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து கூகுளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இவரிடம் போனபிறகு தூங்கினேன். நோய் அதேதான், உடம்பும் அதேதான்.

ஒன்று செய்யுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் ராத்திரி அம்மா சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். திருத்தாதீர்கள். டாக்டர் முன்னால் அதைப் படியுங்கள்.

90 அடி ரோடு | ஜூன் 9, காலை 9.48

எல்லாரும் உண்மையைச் சொல்லு, உண்மையைச் சொல்லு என்கிறீர்கள். என் கதையையும் கேளுங்கள்.

என் அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். தாராவியில் தோல் பட்டறையில் இருந்தார். புகையிலைப் பழக்கம். நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேரும் முடிவு செய்தோம், அவருக்குச் சொல்வதில்லை என்று. எட்டு மாதம் நன்றாகத்தான் இருந்தார், கஞ்சி குடித்தார், பேரன் பேத்தியோடு இருந்தார். அப்புறம் திரும்ப வந்துவிட்டது. ஒரு நாள் வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றபடி ஒரு டாக்டர், அப்பாவுக்குக் கேட்கும்படி, இனி மருந்து இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், இரண்டு மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாவுக்கு நல்ல இந்தி தெரியும். அன்றைக்குச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். ஐந்து வாரம்தான் இருந்தார்.

என்னைக் கேட்டால் அந்த வார்த்தைதான் அவரைக் கொன்றது. அதனால் நண்பரே, நீங்கள் அம்மாவிடம் மறைத்ததில் தப்பில்லை. கால் மரத்ததைச் சொல்லியிருக்க வேண்டும், அது வேறு. நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

நைட் ட்யூட்டி | ஜூன் 9, பகல் 2.30

நான் நர்ஸ். நாகர்கோவில். மும்பையில் 14 வருடம், அதில் 9 வருடம் புற்றுநோய் வார்டு. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை.

பகலில் ரவுண்ட்ஸ் வரும்போது டாக்டர் கேட்பார், எப்படி இருக்கீங்க. "நல்லா இருக்கேன் சார்." எல்லாரும் இதையேதான் சொல்வார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டர், வலி தாங்க முடியல" என்பார்கள். ஏன் சாரிடம் சொல்லவில்லை என்று கேட்டால், "அவரு எவ்வளவு நல்லவரு, அவருகிட்டப் போய் வலிக்குதுன்னு சொல்லி மனசைக் கஷ்டப்படுத்தணுமா" என்று ஒரு பாட்டி சொன்னார். டாக்டர் கடுமையானவராக இருந்தால் பயந்து மறைக்கிறார்கள். அன்பானவராக இருந்தால் அவர் மனசு நோகக் கூடாது என்று மறைக்கிறார்கள். இதைப் புரிந்துகொண்ட டாக்டர்கள், எப்படி இருக்கீங்க என்று கேட்பதில்லை. நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினீங்க, எதுக்கு முழிச்சீங்க, சோறு எத்தனை கரண்டி என்று கேட்பார்கள். அந்தப் பொத்தான் போடச் சொன்ன டாக்டர் அந்த வகை.

இன்னொன்று, வலிக்கு நம் மொழியில் இருக்கும் வார்த்தைகள். என் வார்டில் தமிழ் நோயாளி வந்தால் என்னைத்தான் மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். "விண்விண்ணுன்னு தெறிக்குது", "சுருக்சுருக்குனு குத்துது", "எலும்புக்குள்ள குடையுது", "எறும்பு ஊருற மாதிரி இருக்கு", "மிளகாய் அரைச்ச கை மாதிரி காந்துது". வீட்டு ஆட்கள் இதையெல்லாம் "தர்த் ஹை" (வலி இருக்கிறது) என்று இந்தியில் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் டாக்டருக்கு வேண்டியது அந்த வித்தியாசம்தான். காந்தலும் எறும்பு ஊர்வதும் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், அதற்குச் சாதாரண வலி மாத்திரை கேட்காது, டுலாக்செடின் போன்ற வேறு மருந்து தருவார்கள். எலும்புக்குள் குடைகிறது என்றால் எலும்பில் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு முறை ஒரு தாத்தா "குடையுது" என்றதை நான் இந்தியில் கையால் துளைபோடுவது போலச் செய்து காட்டினேன். அன்றே ஸ்கேனுக்கு அனுப்பினார்கள்.

மொழிக்காக உதவி கேட்கத் தயங்காதீர்கள். தமிழ், மலையாள நர்ஸ் இல்லாத ஆஸ்பத்திரி மும்பையில் இருக்காது. டாடா நினைவு மையமும் டாடா சமூக அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2019இல் நோயாளிக்கு வழிகாட்டுபவர்களைப் பயிற்றுவிக்க ஒரு வருடப் படிப்பே தொடங்கின. அதற்குப் பெயர் கேவட். இராமனைக் கங்கை கடத்திவிட்ட ஓடக்காரர், நம் ஊரில் குகனைச் சொல்வோமே, அதுபோல. எந்த கவுன்டர், எந்த டெஸ்ட், அடுத்து எங்கே போவது என்று கூடவே வந்து சொல்பவர் ஒருவர் இருந்தாலே பாதி பயம் போய்விடும்.

90 அடி ரோடு அண்ணா, உங்கள் அப்பாவுக்கு நடந்தது மனசைப் பிசைகிறது. வராந்தாவில் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது.

வாஷி பாலம் | ஜூன் 9, மாலை 7.15

எல்லாம் சரி. நேரம் எங்கே இருக்கிறது? இந்தியாவில் ஆரம்ப சுகாதார மட்டத்தில் ஒரு நோயாளிக்கு டாக்டர் ஒதுக்கும் நேரம் சராசரியாக 2 நிமிடத்தைச் சுற்றித்தான் என்று 2017இல் வந்த ஒரு பன்னாட்டு ஆய்வு சொன்னது. ஸ்வீடனில் 22.5 நிமிடம். கூட்டம் அப்படி இருக்கும்போது டாக்டரைக் குறை சொல்லி என்ன பயன்?

மதுரை ரெசிடென்ட் | ஜூன் 10, அதிகாலை 1.10

நான் மும்பையில் மருத்துவப் புற்றுநோயியலில் மேற்படிப்புப் படிக்கிறேன், கடைசி வருடம். இப்போதுதான் வார்டிலிருந்து வந்தேன். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாஷி பாலம் சொல்லும் நேரப் பஞ்சம் உண்மை. ஒரு காலை ஓ.பி.யில் அறுபது பேரைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கும்போது முதலில் பார்த்தவரின் முகம் நினைவில் இருக்காது. அதற்காக வெட்கப்படுகிறேன். ஆனால் நேரம் மட்டுமே காரணம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். 1999இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். புற்றுநோய் டாக்டர் பேசும் வீடியோவைப் பெண்களுக்குக் காட்டினார்கள். ஒரு பாதிப் பேருக்குச் சாதாரண வீடியோ. மறுபாதிக்கு அதே வீடியோவில் கூடுதலாக ஒரு 40 வினாடி: இது கடினமான காலம் என்று எனக்குத் தெரியும், நான் உங்களோடு இருப்பேன், சேர்ந்தே கடப்போம் என்கிற மாதிரி. அந்த 40 வினாடியைப் பார்த்தவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. நம் எல்லா ஓ.பி.யிலும் 40 வினாடி இருக்கிறது. ஃபைல் தேடுவதிலேயே அது போய்விடுகிறது.

அடுத்தது கோலிவாடா அண்ணன் எழுதியதற்கு நேராக வருவது. நியூயார்க்கில் கீமோ எடுக்கும் 766 பேரை வைத்து ஓர் ஆய்வு, 2017இல் முடிவு வந்தது. ஒரு பகுதியினர் தங்கள் தொந்தரவுகளைத் தாங்களே கணினியில் பதிவு செய்தார்கள். எது கடுமையாகிறதோ அது உடனே நர்ஸுக்குப் போகும். மற்றவர்கள் வழக்கம்போல டாக்டர் கேட்கும்போது சொன்னார்கள். தாங்களே பதிவு செய்தவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள், நடுமட்ட அளவு (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள்) 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26. இதற்காகப் புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை. நோயாளி சொன்னது குறையாமல், தாமதமாகாமல் போய்ச் சேர்ந்தது. சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் கவனிக்கலாம், கீமோவையும் நிறுத்தாமல் தொடரலாம். நீங்கள் பயந்ததற்கு நேர் எதிர்.

90 அடி ரோடு அண்ணா, உங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு வயதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். கெட்ட செய்தி சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது, ஸ்பைக்ஸ் என்பார்கள், 2000இல் பெய்ல், பக்மன் முதலானோர் எழுதினார்கள். ஆறு படி. முதல் படி, தனி இடத்தில் உட்காருவது. இரண்டாவது, நோயாளிக்கு இதுவரை என்ன தெரியும் என்று கேட்பது. மூன்றாவதைத்தான் நாங்கள் பெரும்பாலும் தாவிவிடுகிறோம்: எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று அவரையே கேட்பது. அதற்குப் பிறகுதான் செய்தி. சொன்னபிறகு வாயை மூடிக்கொண்டு அவர் அழுவதற்கு இடம் கொடுப்பது. கடைசியாக, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பது. உங்கள் அப்பாவுக்கு வராந்தாவில் இந்த ஆறில் ஒன்றாவது நடந்ததா? நான் எம்.பி.பி.எஸ். படித்தபோது இதை யாரும் சொல்லித் தரவில்லை. 2019இல்தான் புதிய பாடத்திட்டத்தில் நோயாளியோடு பேசுவதை முறையாகச் சேர்த்தார்கள். நானும் நின்றுகொண்டே சொல்லியிருக்கிறேன். ஒரு கணவரிடம் லிஃப்ட் வாசலில். இன்றும் அந்த லிஃப்டில் ஏற மாட்டேன், படியில்தான் போவேன்.

"இனி மருந்து இல்லை" என்ற வாக்கியமே தப்பு. கட்டிக்கு மருந்து இல்லாமல் போகலாம், மனிதருக்கு இல்லாமல் போகாது. 2010இல் பாஸ்டனில், பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் இருந்த 151 பேரில் ஒரு பாதிக்கு, கண்டுபிடித்த உடனேயே வலி தணிப்புச் சிகிச்சைக் குழுவையும் சேர்த்துவிட்டார்கள். அந்தக் குழுவின் முக்கிய வேலை உட்கார்ந்து பேசுவது: எது கஷ்டமாக இருக்கிறது, எதை எதிர்பார்க்கிறீர்கள், எது வேண்டாம். அவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசிக் காலத்தில் உடம்பை வருத்தும் சிகிச்சைகள் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள், இருந்தும் நடுமட்டமாக 11.6 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். நம்மிடமும் இந்த வழி புதிதில்லை. பாந்த்ராவில் சாந்தி அவேத்னா 1986இலிருந்து இருக்கிறது, நாட்டின் முதல் ஹாஸ்பிஸ், அதாவது குணமாகாத நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் பராமரிக்கும் இல்லம், அதுதான். அங்கே எப்போது அனுப்புவது என்பதைவிட, எப்படிச் சொல்லி அனுப்புவது என்பதுதான் எங்களுக்கு வரவில்லை.

90 அடி ரோடு | ஜூன் 10, இரவு 10.02

பகல் முழுக்க இதையே யோசித்தேன். பட்டறையில் வேலை ஓடவில்லை.

ஒன்றுகூட நடக்கவில்லை தம்பி. அப்பாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "பெரியவன்கிட்ட சொல்லுங்க, அவன் பாத்துக்குவான்" என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அப்படித்தான் வாழ்ந்தார், வீட்டுக் கணக்குகூடப் பார்க்க மாட்டார்.

அதனால் எல்லாரிடமும் சொல்லியே ஆக வேண்டும் என்பதை நான் இன்னமும் ஒத்துக்கொள்ளவில்லை.

மதுரை ரெசிடென்ட் | ஜூன் 10, இரவு 11.37

"பெரியவன்கிட்ட சொல்லுங்க" என்பதும் ஒரு பதில்தான் அண்ணா. அவர் அப்படிச் சொன்னால் நாங்கள் பெரியவனிடம்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவர்.

செம்பூர்க்காரி | ஜூன் 11, காலை 6.20

இடையில் ஒரு நடைமுறை விஷயம். ஃபைலில் இருப்பதைக் கேட்டு வாங்க நோயாளிக்கு உரிமை உண்டு. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதியே இருக்கிறது. வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேட்பதும் உரிமை, மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளி உரிமை சாசனத்தில் அது இருக்கிறது. டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று நான் ஐந்து வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் கேட்டபோது அவர் "தாராளமாகப் பாருங்கள்" என்றார். ஐந்து வாரத் தூக்கம் வீண்.

கோலிவாடா மகன் | ஜூன் 28, இரவு 9.45

எல்லாருக்கும் நன்றி. ஆறாவது கீமோ நேற்று முடிந்தது.

நோட்டு வாங்கினேன். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். "இன்னைக்குக் கொதிக்கக் கொதிக்க டம்ளரைப் பிடிச்சிட்டேன், சுட்டது தெரியல." "வாய் தகரத்தைச் சப்புன மாதிரி இருக்கு." "ராத்திரி காந்தல் இருக்கு, விசிறிவிட்டாக் கொஞ்சம் தேவலை." மூன்றாவது நாள் எழுதி முடித்து மூடப்போனேன். நீ ஏன் சொல்லல என்று மறுபடி கேட்டாள். கீமோவை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன் என்றேன். அப்புறம் நோயின் பெயரையும் சொன்னேன்.

"முதல் நாளே தெரியும்யா" என்றாள். "அங்க உக்காந்திருந்த பொம்பளையெல்லாம் தலையில துணி கட்டியிருந்தாளுவ. எனக்கு மட்டும் வாயுவுக்கா மருந்து ஏத்துவாவ? நீ அழுதிருவன்னுதான் நான் கேக்கல."

நேற்று ஆஸ்பத்திரியில் வழக்கமான டாக்டர்தான் இருந்தார். அந்த இளம் டாக்டரும் கூட இருந்தார். தமிழ் தெரிந்த ஒரு நர்ஸை ஐந்து நிமிடம் தர முடியுமா என்று கேட்டேன். வந்தார். நான் நாற்காலியை நானே பின்னால் தள்ளிக்கொண்டேன். நோட்டை நர்ஸ் வரி வரியாகப் படித்து மராத்தியில் சொன்னார். டம்ளர் விஷயம் வந்ததும் பெரிய டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். இந்த ஐந்து மாதத்தில் அவர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தது அன்றுதான். எழுந்து வந்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, இரண்டு பாதத்தையும் திருப்பிப் பார்த்தார். இடது குதிகாலில் ஒரு வெடிப்பு, உள்ளே சிவந்திருந்தது. எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. வலித்தால்தானே தெரியும்.

வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டார்கள். அம்மா கேட்டாள், ஆடித்தபசுக்கு, எங்கள் ஊர் கோமதி அம்மன் திருவிழாவுக்கு, போகலாமா என்று.

பெரிய டாக்டர் காலண்டரைப் பார்த்தார். ரத்த அணுக்கள் சரியாக இருந்தால் போகலாம், கூட்டத்துக்குள் மாஸ்க் வேண்டும் என்றார். ரயில் சலுகைப் படிவத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். அம்மா அதோடு விடவில்லை. ஆடிச்சுற்று சுற்ற வேண்டும் என்றாள். நர்ஸ் அதை விளக்கினார்: கோவிலைச் சுற்றி, வெறுங்காலோடு, வேண்டுதல் எண்ணிக்கைப்படி. இளம் டாக்டர் பயந்துவிட்டார். இந்தப் பாதத்தோடு சுடும் கல்லில் நடந்தால் கொப்பளம் வந்தால்கூடத் தெரியாது, புண்ணானால் ஆறாது என்றார். அம்மா தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, தான் நேர்ந்துகொண்டது என்றாள். அப்புறம் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். நடுவில் நர்ஸ் மட்டும்தான். நான் வாயே திறக்கவில்லை. எத்தனை சுற்று, எந்நேரம் சுற்றுவீர்கள், விடியற்காலையில் தரை எப்படி இருக்கும், சாக்ஸ் போட்டால் சாமி குற்றமா என்று டாக்டர் கேட்கிறார். அம்மா யோசித்து, துணிதானே, செருப்பு இல்லையே, கோமதி ஒண்ணும் சொல்ல மாட்டா என்கிறாள்.

மூன்று சுற்று. காலை ஐந்து மணிக்கு முன்னால். பருத்தி சாக்ஸ். சுற்றி முடித்ததும் மகன் இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இதை அந்த டாக்டர் ஃபைலில் மருந்துகளுக்குக் கீழே எழுதினார்.

நைட் ட்யூட்டி | ஜூன் 29, அதிகாலை 3.15

சாக்ஸ் வெள்ளையில் வாங்குங்கள். ரத்தம் கசிந்தால் உடனே தெரியும். விரல் பக்கம் தையல் தடிப்பாக இல்லாததாகப் பாருங்கள், இல்லையென்றால் உள்ளேயிருப்பதை வெளியே திருப்பிப் போடச் சொல்லுங்கள்.